ஹீரோ சாகமாட்டார்னு தெரிஞ்சும் ஏன் படிக்கிறோம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, படிக்க வசதியாக உபதலைப்புகள் மட்டும் சேர்க்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் பெங்களூரு ரூம்ல இருந்து இல்ல, சொந்த ஊரு அதியமான்கோட்டையில இருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல லாரி ஹார்ன் கேட்டா கண்டுக்காதீங்க. ஹைவே பக்கத்துலதான் ஓடுது, எடிட்ல எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைச்சிருக்கேன்.

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒண்ணு இது: "எனக்கு வீட்ல, ஆபீஸ்ல, எல்லா இடத்துலயும் தமிழ்தான். ஆனா ஒரு தமிழ் புக் எடுத்தா பத்துப் பக்கம் தாண்ட முடியல. கண்ணு வலிக்குது. நல்ல இலக்கியமா ஒண்ணு சொல்லுங்க, ஆரம்பிக்கிறேன்."

என் பதில்: நல்ல இலக்கியம் எங்கயும் ஓடிப் போகாது. மொதல்ல ஒரு கொலையில இருந்து ஆரம்பிங்க.

கிண்டல் பண்ணல, சீரியஸாதான் சொல்றேன். ஒரே துப்பறிவாளர் திரும்பத் திரும்ப வர்ற த்ரில்லர் நாவல்கள் இருக்கே, கணேஷ்–வசந்த், விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி, அந்த ஆளுங்களைப் பத்திதான் இன்னிக்கு முழு எபிசோடும். அவங்க எங்க இருந்து வந்தாங்க, ஏன் அவ்வளவு வேகமா படிக்க வைக்கிறாங்க, இன்னிக்குப் படிச்சா எது உறுத்தும், எல்லாம் பேசலாம்.

செட்டப் செலவு இல்லாத கதை

புதுசா ஒரு ப்ராஜெக்ட்ல சேர்ந்தா மொதல் ரெண்டு வாரம் என்ன பண்ணுவோம்? லேப்டாப் செட்டப், ஆக்சஸ் ரிக்வெஸ்ட், யார் யாருன்னு தெரிஞ்சுக்கிறது. வேலை அதுக்கப்புறம்தான். நாவலும் அப்படித்தான். மொதல் முப்பது பக்கம் ஊரு, குடும்பம், யாருக்கு யார் மாமா, இதைப் புரிஞ்சுக்கவே போயிடும். தமிழை மெதுவா படிக்கிறவங்க அந்த முப்பது பக்கத்துலதான் புக்கை மூடி வெச்சுடறாங்க.

தொடர் ஹீரோ கதையில அந்தச் செலவை ஒரே ஒரு தடவை கட்டினா போதும். கணேஷ்னா நிதானமான வக்கீல், வசந்த்னா வாய்த்துடுக்கு ஜூனியர். ஒரு புக்ல தெரிஞ்சுக்கிட்டா அடுத்த இருபது புக்குக்கும் அது செல்லும். மொதல் பக்கத்துல ஃபோன் அடிக்குது, ரெண்டாவது பக்கத்துல பிணம். அவ்வளவுதான், நீங்க உள்ள போயாச்சு.

இன்னொண்ணு, சடங்கு. தமிழ்வாணனோட சங்கர்லால்னா டீ. கேஸ் எவ்வளவு சிக்கலோ அவ்வளவு டீ உள்ள போகும். பட்டுக்கோட்டை பிரபாகரோட சுசீலான்னா டீ-ஷர்ட், அதுல ஒரு குறும்பு வாசகம். வசந்த்னா மெக்சிகோ சலவைக்காரி ஜோக். அந்த ஜோக்கை அவன் ஆரம்பிப்பான், முடிக்க விடமாட்டாங்க. முழு ஜோக் என்னன்னு சுஜாதா கிட்ட வாசகர்கள் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கதைக்கு இதுல எதுவும் தேவையில்ல. ஆனா அந்த டீ வர்ற இடத்துல, 'அட, நம்ம ஆளு'ன்னு ஒரு சந்தோஷம் வருது பாருங்க, அதுக்காகவே அடுத்த புக்கை எடுப்போம்.

எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கலாம்

தொடர் ஹீரோ நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எங்க ஊரு பேர்லயே ஒருத்தர் இருக்காரு. அதியமான் நெடுமான் அஞ்சி. புறநானூறுல ஔவையார் அவரைப் பத்தி ஒரு பாட்டோட நிறுத்தல, வரிசையா பாடியிருக்காங்க. அவர் வீரம் ஒரு பாட்டு, கொடை ஒரு பாட்டு, அவருக்காகத் தூது போனது ஒரு பாட்டு. ஒரே ஹீரோ, பல எபிசோடு. ஆனா அஞ்சி செத்துப் போறாரு, ஔவை அழுது பாடின பாட்டும் அதே தொகுப்புல இருக்கு. இந்தச் சாவை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அச்சுப் புத்தகத்துக்கு வந்தா, ஜே.ஆர். ரங்கராஜுவோட 'ராஜாம்பாள்' 1908-ல வந்துச்சு. அதுல வர்ற துப்பறியும் கோவிந்தன் அடுத்தடுத்த நாவல்கள்லயும் வந்தாரு. அதே தலைமுறையில ஆரணி குப்புசாமி முதலியார் இங்கிலீஷ் கதைகளைத் தமிழுக்கு மாத்தி எழுதிக் குவிச்சாரு. வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரை உருவாக்கினாரு. இந்தச் சாமியார் நம்ம பக்கம் வரைக்கும் வந்திருக்காரு. பக்கத்து ஊரு சேலத்துல இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல 'திகம்பர சாமியார்' படம் எடுத்தாங்க. ஹீரோ யாரு தெரியுமா? எம்.என். நம்பியார்! வேஷத்துக்கு மேல வேஷம் போட்டுத் துப்பறிவாரு. வில்லனாவே பார்த்துப் பழகின நமக்கு அது வேற லெவல் அனுபவம்.

1940-கள்ல தேவன் ஆனந்த விகடன்ல 'துப்பறியும் சாம்பு' எழுதினாரு. சாம்பு ஒரு பேங்க் கிளார்க், மண்டையில பெருசா ஒண்ணும் கிடையாது. தப்பாவே யோசிப்பாரு, கேஸ் சரியா முடிஞ்சிடும். அப்புறம் கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணன், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமா. அவரே ஒரு கேரக்டர் மாதிரி இருப்பாரு.

1968-ல குமுதத்துல 'நைலான் கயிறு' வருது. கணேஷ் அறிமுகம் அதுலதான். வசந்த் பின்னாடி வந்து சேர்ந்தவன். சுஜாதா நம்ம ஆளு மக்களே. குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல படிச்ச இன்ஜினியர், பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வேலை, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்குனதுல அவருக்கும் பங்கு உண்டு. டெக்னாலஜி வேலை பார்த்துக்கிட்டே இவ்வளவு எழுதியிருக்காரு. நம்ம ஸ்டாண்ட்-அப் மீட்டிங் முடிச்சதுக்கே டயர்டாகிடறோம்.

ஒரு சின்ன சினிமா துணுக்கு. 1977-ல 'காயத்ரி', அதுல கணேஷ் ஜெய்சங்கர், வில்லன் ரஜினி. அடுத்த வருஷம் 'ப்ரியா', அதுல அதே ரஜினி கணேஷ். ஒரே வருஷத்துல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம்.

ஒரு பஸ் பயணம், ஒரு நாவல்

இதெல்லாம் ஒரு மெஷின் மாதிரி ஓட ஆரம்பிச்சது 80-கள்ல. ராணிமுத்து, மாலைமதி மாதிரி மாத நாவல்கள் ஏற்கெனவே பழக்கப்படுத்தி வெச்சிருந்தாங்க. ஜி. அசோகன் 'பாக்கெட் நாவல்', 'கிரைம் நாவல்'னு கைக்கு அடக்கமா, சாதா பேப்பர்ல, பளபள அட்டையோட போட்டாரு. சுமார் நூறு பக்கம். பஸ் ஸ்டாண்ட் கடையில கயித்துல கிளிப் போட்டுத் தொங்கும். தருமபுரியில ஏறி பெங்களூருல இறங்கறதுக்குள்ள கொலைகாரன் மாட்டிக்குவான். நீளமே பயணத்துக்கு ஏத்த மாதிரி அளவெடுத்துத் தைச்சது.

அந்தக் கயித்துல தொங்கினவங்க மூணு ஜோடி. மூணு பேரோட ஸ்டைலும் வேற வேற.

கோயம்புத்தூர் ராஜேஷ்குமார், 1500 நாவலுக்கு மேல எழுதினவர். அவரோட விவேக் போலீஸ் ஆளு, மனைவி ரூபலா, கூட கடி ஜோக் விஷ்ணு. ராஜேஷ்குமார் ட்ரிக் என்னன்னா, சம்பந்தமே இல்லாத ரெண்டு கதை. ஒரு அத்தியாயம் கோவை, அடுத்தது டெல்லி, மறுபடி கோவை. ரெண்டு த்ரெட் தனித்தனியா ஓடும், கடைசி பத்துப் பக்கத்துல ஜாயின் ஆகும். அத்தியாயம் முடியற இடம் எப்பவும் கதவு திறக்கிற நேரமா இருக்கும். உள்ள யாருன்னு தெரியணும்னா இன்னொரு அத்தியாயம் தாண்டணும். தாண்டுவோம். ஓடிடியில 'நெக்ஸ்ட் எபிசோட்' பட்டன் பண்ற வேலையை அவர் நியூஸ்பிரின்ட்ல பண்ணிட்டாரு.

பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத்–சுசீலா, மூன்லைட் துப்பறியும் ஏஜென்சி. அங்க கேஸை விட வம்பளப்பு சுவாரஸ்யம். சுபா என்கிற சுரேஷ், பாலகிருஷ்ணன் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினது நரேந்திரன்–வைஜயந்தி, ஈகிள்ஸ் ஐ நிறுவனம், மேல ராமதாஸ்னு ஒரு பாஸ். அதுல ஆக்ஷன் ஜாஸ்தி. இந்த சுபா ரெட்டையர்தான் பின்னாடி கே.வி. ஆனந்தோட சேர்ந்து 'அயன்', 'கோ' எழுதினாங்க. அந்தப் படங்களோட வேகம் எங்க பழகினதுன்னு இப்ப புரியுதா?

இது தமிழ்நாட்டு விஷயம் மட்டும் இல்ல. அலகாபாத்ல இருந்து இப்னே சஃபி 1952-ல உருது துப்பறியும் தொடர் ஆரம்பிச்சாரு. வங்காளத்துல சத்யஜித் ராய் 1965-ல ஃபெலுடாவைக் கொண்டு வந்தாரு. ஊருக்கு ஊரு ரயிலும் பஸ்ஸும் இருந்துச்சு, அதுல உக்காந்து படிக்க ஒரு ஆளு தேவைப்பட்டாரு.

சாகாத ஹீரோ கதையில என்ன பதற்றம்?

இப்ப அந்த அதியமான் மேட்டருக்கு வர்றேன். அஞ்சி செத்தாரு, ஔவை அழுதாங்க. விவேக் சாகமாட்டாரு. அடுத்த மாசம் கடையில தொங்கணுமே! கானன் டாயில் 1893-ல ஹோம்ஸை அருவியில தள்ளிவிட்டுப் பார்த்தாரு, வாசகர்கள் விடல. பத்து வருஷம் கழிச்சு, 1903-ல அவரே உயிரோட கூட்டிட்டு வர வேண்டியதாப் போச்சு. வாசகர்கள் போடற கண்டிஷன் இது: எங்க ஆளைத் தொடாத.

ஹீரோ பிழைச்சுக்குவாரு, கேஸும் முடியும்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்குப் பக்கத்தைத் திருப்புறோம்?

எனக்குத் தோணுறது இதுதான். நம்ம வாழ்க்கையில நிறைய கேஸ் முடியறதே இல்ல. அப்ரைசல் ஏன் குறைஞ்சதுன்னு தெரியாது. இன்டர்வியூ முடிச்சுட்டு 'திரும்பக் கூப்பிடுறோம்'னு சொன்னவங்க ஏன் கூப்பிடலன்னு தெரியாது. இந்த நூறு பக்கத்துல மட்டும் யார், ஏன், எப்படின்னு எல்லாத்துக்கும் பதில் உண்டு. முடிவு நல்லபடியாதான் இருக்கும்னு தெரிஞ்சிருக்கிறதாலதான் நடுவுல நிம்மதியா பயப்பட முடியுது. ராட்டினத்துல பெல்ட் போட்டுட்டு கத்துறோமே, அந்த மாதிரி.

பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினவர் சுஜாதா. 'கொலையுதிர் காலம்' படிச்சவங்களுக்குத் தெரியும். நடக்கிறதெல்லாம் அறிவியலா, பேயான்னு கணேஷும் வசந்தும் கடைசி வரைக்கும் மோதிக்குவாங்க. ஸ்பாய்லர் சொல்லமாட்டேன். மூடி வெச்சதுக்கப்புறமும் ஒரு சந்தேகம் கூடவே வரும். தொடர் ஹீரோவை வெச்சுக்கிட்டே இதையும் பண்ணலாம்னு அவர் காட்டினாரு.

"நான் படிக்காதவ"

இப்ப கொஞ்சம் வீட்டு விஷயம். எங்க அத்தை எட்டாவது வரைக்கும்தான் ஸ்கூல். கல்யாணம், தையல் மெஷின், ரெண்டு பசங்க. ஆனா வாரத்துக்கு மூணு நாவல் படிப்பாங்க. தருமபுரியில ஒரு வாடகை நூலகத்துல டெபாசிட் கட்டி வெச்சிருந்தாங்க. படிச்ச புக்கையே மறுபடி எடுத்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு புக்லயும் இருபத்தேழாம் பக்கத்து ஓரத்துல பென்சில்ல குட்டியா ஒரு புள்ளி வெப்பாங்க. அந்த நூலகத்துல பாதி புக்ல அந்தப் புள்ளி இருந்திருக்கும். பாதியிலயே சொல்லிடுவாங்க: "நல்லவனாட்டம் பேசுறான் பாரு, அவன்தான்டா." முக்காவாசி சரியா இருக்கும்.

அதே அத்தை, யாராவது புது ஆள் கேட்டா என்ன சொல்வாங்க தெரியுமா? "நான் படிக்காதவ சாமி."

இதை நான் ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருக்கேன். தமிழ்ல 'படிக்கிறது'ங்கிற ஒரே வார்த்தை ரெண்டு வேலை பார்க்குது. ஸ்கூல்ல படிக்கிறதும் படிப்புதான், கதை படிக்கிறதும் படிப்புதான். ஆனா வீட்ல 'என்ன படிக்கிற?'னு கேட்டா பரீட்சைன்னுதான் அர்த்தம். கதை புக்குக்கு அந்த மரியாதை கிடையாது. பிசிக்ஸ் புக்குக்குள்ள ஒளிச்சு வெக்கிற பொருள் அது. ஆயிரம் நாவல் முடிச்சாலும் நீ படிக்காதவ. நாலு வருஷம் இன்ஜினியரிங் முடிச்சுட்டு சொந்த மொழியில பத்துப் பக்கம் தாண்ட முடியலன்னாலும் நீ படிச்சவன்.

இதுல நமக்குத்தான் நஷ்டம். மார்க் இல்லாத படிப்பு டைம் வேஸ்ட்னு சின்ன வயசுலயே மண்டையில ஏறிடுச்சு. அதனால பெருசானதுக்கு அப்புறமும் புக் எடுத்தா 'பயனுள்ளதா' இருக்கணும்னு தேடுறோம். கடினமான ஒண்ணை எடுக்கிறோம், பத்துப் பக்கத்துல மூடுறோம், 'எனக்குத் தமிழ் வராது'ன்னு முடிவு பண்ணிடறோம். ஓடிப் பழகாதவன் மொதல் நாளே மராத்தான் போனா மூச்சு வாங்கத்தான் செய்யும். வாசிப்பு வேகம் அளவுல இருந்து வருது, நிறைய பக்கம் ஓடணும். அத்தைக்கு அந்த அளவைக் கொடுத்தது விவேக்கும் பரத்தும்தான். இன்னிக்கு பேப்பர், ரேஷன் கடை நோட்டீஸ், பையனோட லோன் பத்திரம் எல்லாத்தையும் வீட்ல அவங்கதான் முழுசா படிச்சு அர்த்தம் சொல்வாங்க. அந்த வேகத்தை எந்த சிலபஸும் கொடுக்கல.

உறுத்துறதையும் பேசிடலாம்

இதெல்லாம் சுத்தத் தங்கம்னு நான் சொல்லமாட்டேன். இன்னிக்குப் படிச்சா பல இடம் உறுத்தும். அட்டையில பாதி நேரம் பயந்த பொண்ணு முகம் இல்லன்னா பொண்ணோட பிணம். வசந்தோட கமென்ட் பல இன்னிக்கு ஆபீஸ்ல சொன்னா எச்.ஆர். மெயில் வரும். கேஸ் பத்திப் பேசிட்டு இருக்கும்போதே நடுவுல உடம்பு வர்ணனை வந்து நிக்கும். ஒரு வித்தியாசம் கவனிங்க. ரூபலா பெரும்பாலும் வீட்ல இருந்து கேள்வி கேக்குற மனைவி. சுசீலாவும் வைஜயந்தியும் கேஸ்ல இறங்கி வேலை பார்க்கிறவங்க. வேலை பார்க்கிற பொண்ணுங்களை நம்ம ஊரு பஸ் ஸ்டாண்ட் கடையில தொங்கவிட்டதும் இதே நாவல்கள்தான், அவங்களை முறைச்சுப் பார்த்ததும் இதே நாவல்கள்தான். ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

அவசரமும் தெரியும். மாசா மாசம் எழுதினா சில முடிவு ஒப்பேத்தல்தான். திடீர்னு கடைசி அத்தியாயத்துல ஒரு இரட்டைப் பிறவி வந்து நிப்பான். பரவாயில்ல. பிடிக்கலன்னா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடுங்க. பாதியில விடற உரிமையும் ஜாலி வாசிப்புல ஒரு பங்குதான்.

தூக்கிப் போட்டதை யார் எடுத்து வைக்கிறது?

தூக்கிப் போடறதுன்னு சொன்னதும் ஒரு கவலை. இந்தப் புத்தகங்கள் தூக்கிப் போடறதுக்குன்னே அச்சடிச்சவை. சீட்லயே விட்டுட்டு இறங்குவாங்க, மீதி எடைக்குப் போகும். 90-கள்ல கேபிள் டிவி, மெகா சீரியல், அப்புறம் ஃபோன். கயித்துல தொங்கினதெல்லாம் குறைஞ்சு போச்சு. சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி சில இடங்கள்ல பழைய துப்பறியும் நாவல்களைப் பாதுகாத்து வெச்சிருக்காங்க. 2008-ல சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் இந்த எழுத்தாளர்கள் பலரோட கதைகளை இங்கிலீஷ்ல தொகுத்துப் போட்டாங்க. ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்ப்பு. இங்கிலீஷ்ல வந்ததும் 'பல்ப் ஃபிக்ஷன்', ஸ்டைல், கலெக்டர்ஸ் ஐட்டம். தமிழ்ல இருந்தப்போ கதை புக்கு. அத்தையோட ருசிக்கு சர்டிபிகேட் வர அவ்வளவு தூரம் சுத்த வேண்டியிருந்துச்சு.

எங்க ஆரம்பிக்கலாம்?

என் வரிசை இது. பத்துப் பக்கம்கூடத் தாண்ட முடியலன்னா ராஜேஷ்குமாரோட ஏதாவது ஒரு விவேக் கதை, எதுவா இருந்தாலும் பரவாயில்ல. குட்டிக் குட்டி வாக்கியம், குட்டி அத்தியாயம். கொஞ்சம் சிரிக்கணும்னா பரத்–சுசீலா. ஆக்ஷன் வேணும்னா நரேந்திரன்–வைஜயந்தி. வேகம் வந்ததும் சுஜாதாவோட 'நைலான் கயிறு', அப்புறம் 'கொலையுதிர் காலம்', அதை ராத்திரியில படிங்க. பழைய வாசனை பிடிச்சா தேவனோட சாம்பு. ஃபோன்ல படிக்கிறதா இருந்தா காசு கொடுத்து மின்னூலா வாங்குங்க. அனுமதி இல்லாம சுத்துற பிடிஎஃப் வேணாம், எழுதினவங்க குடும்பத்துக்கு ஒரு பைசா போகாது.

ரூல் ஒண்ணே ஒண்ணு. குறிப்பு எடுக்காதீங்க, ரிவ்யூ போடாதீங்க, 'இந்த வருஷம் இத்தனை புக்'னு சேலஞ்ச் வெக்காதீங்க. கொலைகாரன் யாருன்னு மட்டும் பாதியிலயே ஊகிச்சு வெச்சுக்கோங்க.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. உங்க வீட்ல நாப்பது வயசுக்கு மேல இருக்கிற ஒருத்தர் கிட்ட, அம்மாவோ சித்தியோ பெரியப்பாவோ, "நீங்க யாரோட ஆளு? விவேக்கா, பரத்தா, கணேஷா?"ன்னு கேளுங்க. பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதா இருக்கிறதை அடுத்த எபிசோட்ல போடறேன். அடுத்த வாரம் சிவகாசிக்குப் போறோம். 1972-ல முத்து காமிக்ஸ் மூலமா இரும்புக்கை மாயாவி தமிழ் பேச ஆரம்பிச்ச கதை. அதுவரைக்கும், சும்மா படிங்க.